வெளியே மட்டும் கழுவிய குப்பிகள்

அத்தை ஒரு குப்பியைக் கையில் எடுத்தால் கண்ணருகே கொண்டுபோக மாட்டாள். தக்கையைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஒரு மூச்சு. பிறகு தக்கையை அழுத்தி மூடிவிட்டு, அது யார் என்று சொல்வாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

"இது ரெண்டாம் பங்களாவுல எறங்கியிருந்த செட்டியார் வீட்டு மருமவ. மூத்தவ இல்ல, எளையவ. பாவம், ஊருக்குப் போற அன்னைக்குத்தான் பூசிக்கிட்டா. அதுவரைக்கும் மாமியாக்காரி விடல்லை."

"எப்படி அத்தை தெரியும்?"

"குப்பி முக்காவாசி இருக்கையிலேயே விட்டுட்டுப் போயிட்டா பாரு, மிச்சத்த நான்தான் கொட்டுனேன். பிடிச்சுப் பூசுனவ இப்பிடி விட்டுட்டுப் போவாளா?"

அவள் எங்களுக்கு உறவில்லை. மேலகரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு, அதனால் அத்தை. குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் திறக்கும் பங்களாக்கள் ஐந்தாறின் சாவிக்கொத்து அவள் இடுப்பில் தொங்கும். வைகாசி பிறந்ததும் போய்க் கதவுகளைத் திறந்து, வௌவால் எச்சத்தைச் சுரண்டி, தரை கழுவி வைப்பாள். ஆனியும் ஆடியும் சாரலும் கூட்டமுமாகப் போகும். துரைமார், ஜமீன் குடும்பங்கள், வக்கீல்கள், செட்டிநாட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து அருவியில் குளித்து, எண்ணெய் தேய்த்து, தின்று, தூங்கி, புரட்டாசிக்குள் காலி செய்துவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போனதை அத்தை ஒரு ஓலைப்பெட்டியில் சுமந்து வருவாள். பங்களா பட்லரிடம் கேட்காமல் ஒரு தக்கையைக்கூட எடுத்ததில்லை.

அவள் வீட்டு நடு அறையில் தேயிலைப் பெட்டிப் பலகையால் அடித்த மூன்று தட்டுகள். அவற்றில் என்னென்ன இருந்தன என்று இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். மேல்தட்டில் பால்நிறக் கண்ணாடியில் களிம்பு ஜாடிகள், முகத்தில் பூசும் ஸ்நோ ஜாடிகள், ஒரு சின்ன பவுடர் ஜாடி. நடுத்தட்டில் அத்தர் குப்பிகள், பன்னீர்க் குப்பிகள், தலைத்தைலக் குப்பிகள். கீழ்த்தட்டில் பெரிய மருந்துக் குப்பிகள், கோலிக்குண்டு சோடாக் குப்பிகள், காது போன ஒரு பீங்கான் கோப்பை, பாலமும் இரண்டு குருவிகளும் நீலத்தில் வரைந்த ஒரு பீங்கான் தட்டு. தட்டில் விரிசல் விட்டிருந்ததால் அதை எப்போதும் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

இவற்றில் எதிலும் எதையும் ஊற்றி வைக்கமாட்டாள். தெருவில் யாராவது, "ரெண்டு நாளைக்கு வெளக்கெண்ண ஊத்தி வைக்க ஒரு குப்பி தாயேன்" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

"காலியா இருக்க வரைக்கும்தான் அது அவங்க குப்பி. நீ எண்ணெய ஊத்துனா உன் குப்பி ஆயிரும். அப்புறம் எனக்கு எதுக்கு?"

ஆயுத பூஜை அன்று அத்தனையையும் முற்றத்தில் இறக்கிச் சாம்பல் தொட்டு வெளிப்புறம் மட்டும் தேய்ப்பாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. துடைத்து, பொட்டு வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு தடவை முகர்ந்து மூடுவாள். வருடத்துக்கு ஒரு தடவைதான். அடிக்கடி திறந்தால் ஆள் தீர்ந்துபோய்விடுவார் என்பாள்.

என் அம்மாவுக்கு இது பிடிக்காது. "ஊரான் எச்சியெல்லாம் வீட்டுக்குள்ள அடுக்கி வச்சு அதுக்குப் பொட்டு வேற வைக்கா" என்பாள். அத்தை வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அத்தைக்கு அது தெரியும். "உங்கம்மைக்கு மூக்கு நல்ல மூக்குதாம்ட்டி. சுளிக்கவே வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

கீழ்த்தட்டின் ஓரத்தில் ஒரு பெரிய தட்டைக் குப்பி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அது ஒரு வக்கீலுடையது. சீசனுக்கு வரும்போதெல்லாம் தென்காசியில் மதுவிலக்குக் கூட்டம் போட்டுக் கண்ணீர் வரப் பேசுபவர். அவர் இறங்கியிருந்த பங்களாவின் பின்பக்கக் குழியில் அத்தை அதை எடுத்தாள். பட்லர் பதறிப்போய், "ஐயாவுக்கு இருமல், மருந்து" என்றானாம். அன்றிலிருந்து அவர் பெயர் இருமல்காரர். ஒரு நாள் அவருடைய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த எதிர்வீட்டு அண்ணாச்சி, என்ன பேச்சு, என்ன பேச்சு என்று அத்தையிடம் உருகிக்கொண்டிருந்தார். அத்தை சுளகில் அரிசி புடைத்தபடியே, "ஆமா, நல்ல மனுசரு. இருமலுதான் அவர விடமாட்டேங்கு" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குப்பியை ஏன் திருப்பி வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, "அவரே மறச்சு வச்சத நாம எதுக்கு மொகத்தக் காட்டி வைக்கணும்?" என்றாள்.

ஒரு துரைசாணியின் கதையும் உண்டு. அவள் தங்கிய பங்களாவிலிருந்து ஒரே சீசனில் ஏழு சின்னக் குப்பிகள் வந்தன. ஏழிலும் ஒரே தூக்க மருந்து வாடை. "இந்தம்மா தூங்கல்லை" என்றாள் அத்தை. அடுத்த வைகாசியில் பங்களாவைத் திறந்தபோது, யாரிடமும் கேட்காமல் அந்த அம்மாவின் கட்டிலை அருவிச் சத்தம் விழும் அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றிப் போட்டுவிட்டாள். அந்த வருடம் குப்பி ஒன்றுகூட வரவில்லை. பட்லர் வழியாக விஷயம் தெரிந்துகொண்ட துரைசாணி, ஊருக்குப் புறப்படும்போது உடைக்காத ஸ்நோ ஜாடி ஒன்றை அத்தைக்குக் கொடுத்தனுப்பினாள்.

அதுதான் பெரிய தலைவலியாகப் போயிற்று.

"நெறைய குடுத்துட்டாளே! அவ இன்னும் இதுல வரவே இல்லையே. இத எப்பிடி வைக்க?" ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில் தெருப் பெண்களைக் கூப்பிட்டு, பித்தவெடிப்புக்கு நல்லது என்று ஆளுக்குக் கொஞ்சம் குதிகாலில் தேய்க்கக் கொடுத்தாள். ஜாடி காலியானதும் முகர்ந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"தொரைசாணி இல்லட்டி. நம்ம தெருவுல்லா மணக்கு."

அதையும் தட்டில்தான் வைத்தாள். நம்ம தெரு என்றே கடைசி வரை அதற்குப் பெயர்.

நடுத்தட்டின் நடுவில் தட்டையான ஒரு பச்சைக் குப்பி. கண்ணாடி மூடி, அதைச் சுற்றித் துணி கட்டியிருக்கும். அடியில் மஞ்சளாகக் கறை. "இது யாரு அத்தை?" என்று சிறுவயதில் ஒரு தடவை கேட்டேன்.

"அவுக" என்றாள்.

அவள் கணவர் ரங்கூனில் ஒரு சோடாக் கம்பெனியில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது விடுப்பில் வந்தார். அந்த ஒரு தடவைதான் அவரைப் பார்த்திருக்கிறேன். தலைமுடியைப் படிய வாரி, தெருவில் நடந்தாலே வாசனைத் தைலம் வீசும். ஒரு மாதம் இருந்துவிட்டுக் கப்பலேறினார். அடியில் விரல்கடை அளவு தைலத்தோடு அந்தக் குப்பியை மறந்துவிட்டுப் போனார். அத்தை சேர்க்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான் என்று அம்மா சொல்வாள். கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. உலகச் சண்டை வந்து ரங்கூன் விழுந்ததும் அவையும் நின்றன. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களிடமெல்லாம் அத்தை போய் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. அந்த வருட ஆயுத பூஜையில் பச்சைக் குப்பியைத் துடைத்தாள், பொட்டு வைத்தாள், திறக்காமலே மேலே வைத்தாள்.

"மோந்து பாக்கலையா அத்தை?"

"இருக்கட்டும். செலவழிஞ்சிரும்."

நான் மதுரையில் கம்பவுண்டர் படிப்பு முடித்து, தென்காசியில் ஒரு சிறிய தர்ம வைத்தியசாலையில் சேர்ந்தது அந்தச் சண்டைக் காலத்தில்தான். சேர்ந்த முதல் வருடமே மலையடிவாரம் முழுக்க நடுக்கல் காய்ச்சல். அதற்கான கொய்னா மருந்து அளந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வழியில்லை. மருந்துக்கு வருகிறவர்கள் குப்பி கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். சண்டையில் கண்ணாடிக் குப்பி கடைகளில் மறைந்துபோயிருந்தது. ஜனங்கள் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தார்கள். கொய்னாவைக் கரைத்த மிக்சரில் திராவகம் சேரும், பித்தளையில் ஊற்றினால் விஷம். மண்கலயம் கொண்டுவந்தார்கள், பாதியைக் கலயமே குடித்துவிடும். சிரட்டையில் வாங்கிப் போனவர்கள் வாசல் தாண்டுவதற்குள் சிந்தினார்கள். மூன்று நாள் மருந்தை ஒரே வேளையாகக் கொடுக்கவும் முடியாது. வடகரையிலிருந்து ஏழு மைல் நடந்து வந்த ஒருவர், குப்பி இல்லாமல் ஒரு வேளை மருந்தை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப்போனார். மறுபடி அவர் வரவில்லை.

எனக்குக் குப்பி எங்கே இருக்கிறது என்று தெரியும். கொதிக்கவைக்காமல் எந்தக் குப்பியிலும் மருந்து ஊற்றக் கூடாது என்பதும் தெரியும். கொதிக்கவைத்தால் அந்தத் தட்டுகளில் என்ன மிஞ்சும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கேட்காமலே இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மேலகரம் போனேன்.

அத்தை முழுவதும் கேட்டாள். "அவிப்பியா?" என்றாள்.

"சோடா போட்டுக் கழுவி, அப்புறம் அவிக்கணும் அத்தை."

"அவிச்சா ஒண்ணும் நிக்காதோ?"

"நிக்காது."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் போயிற்றோ, எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியபோது ஓலைப்பெட்டியோடு வெளியே வந்தாள்.

"காயிதம் வச்சிருக்கியா? நீதான் எல்லாத்தையும் எழுதுவியே. எழுதிக்கோ."

தட்டுகளில் மொத்தம் அறுபத்து மூன்று. வாய் அகன்ற ஜாடிகளும் பீங்கான்களும் கோலிக்குண்டுக் குப்பிகளும் பதினொன்று. அவை மிக்சருக்கு ஆகாது. நீலக் கண்ணாடியில் வரிவரியாக மேடு வைத்த குப்பிகள் நான்கு. அவை விஷ மருந்துக்கென்றே செய்தவை. விரல் பட்டாலே தெரியட்டும் என்று அந்த வரிகள். அவற்றை நான் தள்ளிவைத்தேன். மீதி நாற்பத்தெட்டு.

அத்தை ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, ஆளைச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் எழுதினேன். செட்டியார் வீட்டு எளையவள். பல்வலிக்காரர். தூங்காத துரைசாணி, ஏழு. ஜமீன் வீட்டுப் பெரியவர். சாகும்வரை கிராம்புத் தைலம். சுவர் பக்கம் திரும்பி நின்றவரைக் கொடுக்கும்போது மட்டும் சிரித்தாள்: "இருமல்காரருக்கு ஒடம்பு பெருசு. நாலு நாள் மருந்து புடிக்கும். இப்பமாவது நெஜமாவே மருந்து குப்பியா இருக்கட்டும்."

நாற்பத்தேழு எழுதியதும் கையைத் துடைத்துக்கொண்டாள். பச்சைக் குப்பி தட்டில் தனியாக நின்றது. அவளும் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தாளை மடித்துக்கொண்டேன்.

பானையின் அடியில் வைக்கோல் பரப்பி, பச்சைத் தண்ணீரில் குப்பிகளைப் படுக்கவைத்து, அதன்பிறகே தீ மூட்டினேன். அப்படியும் இரண்டு வெடித்தன. சொன்னபோது அத்தை, "யாரு?" என்றாள். பல்வலிக்காரரும் துரைசாணியில் ஒன்றும் என்றேன். "அவ ஆறு பேரா இருந்துக்கிடுவா" என்றாள்.

மீதி நாற்பத்தைந்திலும், குடிக்கும் அளவு தெரிய, வேளைக்கு ஒரு வெட்டு விட்ட காகிதப் பட்டையைச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். எந்தக் குப்பி எந்த ஊருக்குப் போகிறது என்று பட்டியலில் எழுதினேன். என் அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. இருமல்காரரில்தான் மருந்து கொடுத்தேன். அம்மா நாலு நாளும் வேளை தவறாமல் குடித்தாள். அது யாருடைய குப்பி என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் காலை அத்தையும் வரிசையில் நின்றாள். கண் சிவந்து, முக்காட்டை இழுத்துப் போர்த்தியிருந்தாள். முறை வந்ததும், "இங்கனயே குடிச்சுட்டுப் போறேன்" என்றாள்.

"குப்பி கொண்டு வரலியா அத்தை?"

"இல்லட்டி."

பின்னால் நின்றவர் சிரித்தார். "மேலகரத்துக் குப்பியெல்லாம் உங்க வீட்லதான்னு சொல்லுவாக. உங்களுக்கே குப்பி இல்லியாக்கும்!"

"எல்லாரும் வெளியூரு போயிருக்காக அண்ணாச்சி" என்றாள் அத்தை. அளவுக் கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

மத்தியானம் மறுபடி வந்தாள். சாயங்காலமும் வந்தாள். ஒரு வேளை மருந்துக்குப் போக வர நாலு மைல் நடை, காய்ச்சலோடு. மறுநாளும் அப்படியே. அவள் வீட்டில் ஒரு குப்பி இருக்கிறது என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மருந்து உள்ளே போகவேண்டிய அவசரம் எனக்கு. ஆனாலும் அதைக் கொண்டுவா என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலை என் தலைத்தைலக் குப்பியை வேறு கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டுக் கழுவி, அவித்து, மிக்சர் நிரப்பிக் கொடுத்தேன். தக்கையைத் திறந்து முகர்ந்தாள். வழக்கம் விடவில்லை.

"இது யாரு?"

"நான்தான் அத்தை."

"ஏட்டி, உன்னையும் போட்டு அவிச்சிட்டியே!"

காய்ச்சல் அடங்கியபோது குப்பிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாம் வரவில்லை. முப்பத்தொன்று வந்தன. வராதவற்றைச் சந்தையிலும் அடுப்படிகளிலும் தேன் குப்பியாகவும் நெய்க் குப்பியாகவும் பார்த்ததுண்டு. வந்தவற்றைக் கழுவித் தருகிறேன் என்றேன். அத்தை ஓலைப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒன் கழுவலு போதும் தாயி."

முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் மிக்சரின் கசப்பு. அதற்கு அடியில் ஏதோ ஒன்று, அவள் மூக்குக்கு மட்டும். "இது பூக்காரி வீடு. இது மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக் குடிச்சிருக்கான். இது… கொளந்தை இருக்க வீடு." என் பட்டியலைப் பார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன. மறுபடியும் தட்டுகள் நிரம்பின, ஆட்கள்தான் வேறு. சீசன்காரர்கள் போய் இந்த ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். என் குப்பியையும் வைத்தாள். பச்சைக் குப்பி நடுவில் அப்படியே.

சண்டை முடிந்த மறு வருடம் அத்தையின் கணவர் வந்துவிட்டார். ஊரே போய்ப் பார்த்தது. நான் ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முருங்கை மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையில் முடியில்லை. இருமல் விட்டுவிட்டு வந்தது. முற்றம் முழுக்க ஒரு பழைய வேட்டியை விரித்து, அதில் குப்பிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெயில் பட்டு, கண் கூசியது.

"பாத்தியா?" என்றார் பெருமையாக. "வந்து பாத்தா குப்பியெல்லாம் உள்ள ஒரே அழுக்கு. இவ வெளிய மட்டும் தேச்சு வச்சிருக்கா. காலையில இவ பங்களாவுக்குப் போயிருந்த நேரத்துல எல்லாத்தையும் எடுத்துப் போட்டு, மண்ணும் சாம்பலும் விட்டுக் குலுக்கி, நாலு தண்ணி அலசிட்டேன். ரங்கூன்ல எனக்கு அதுதானே வேலை. என் கை பட்ட குப்பியில ஒரு வாடை நிக்காது."

பச்சைக் குப்பி முதல் வரிசையில் இருந்தது. அடியிலிருந்த கறைகூடப் போய்விட்டிருந்தது.

அத்தை அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லலியா அத்தை?"

"என்னன்னு சொல்ல? ஆசையால்லா செஞ்சிருக்காக." வடிகட்டியபடியே மெல்லச் சொன்னாள்: "அந்தக் குப்பியில இருந்தவுக வேற ஆளுட்டி. இவுக சுருட்டு நாத்தம் அடிக்காக, ராவெல்லாம் இருமுதாக, சோத்துக்கு உப்பு பத்தலைங்காக. அவுக ஒண்ணுமே சொல்லமாட்டாக." சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் புகை இல்லை. "காப்பிய அவுககிட்ட குடு. சூடு ஆறிச்சுன்னா அதுக்கும் ஒரு பாட்டு."

மறுநாள் காலை வைத்தியசாலை திறந்ததும் முதல் ஆளாக வந்தாள். மடியிலிருந்து பச்சைக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இருமலுக்கு மருந்து குடு. மூணு நாளைக்கு."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கே? அவிக்கணுமா?"

"அவிக்கணும்."

"அவி. அதான் கழுவியாச்சே, இனி என்ன." பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க வீட்லயும் ஒரு இருமல்காரரு ஆயாச்சு."

குப்பியை அவித்து ஆறவைத்தேன். மிக்சரை ஊற்றி, காகிதப் பட்டையில் ஒன்பது வெட்டு விட்டு ஒட்டினேன். மேசை இழுப்பறையில் அந்தப் பழைய பட்டியல் இன்னும் இருந்தது. எடுத்து, நாற்பத்தேழுக்குக் கீழே நாற்பத்தெட்டு என்று எழுதி, பச்சைக் குப்பி, மேலகரம் என்று சேர்த்தேன்.

அத்தை கண்ணாடி மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். உடனே மூடி மடியில் செருகிக்கொண்டாள்.

"மருந்து தீந்த அன்னைக்கே இத ஒளிச்சு வைக்கணும்ட்டி" என்றாள். "அவுக கண்ணுல பட்டா கழுவிப்புடுவாக."